எச்சில் விழுங்காத விரதம்

பட்டினி கிடக்கும் ஆண்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வரும். ஒரு பெண் பட்டினி கிடந்தால் யாரும் கவனிப்பதில்லை. குசினியில் அவள் பாட்டுக்குச் சமைத்துக்கொண்டிருப்பாள். ஓர் ஆண் ஒரு வேளைச் சோற்றைத் தள்ளிவைத்தால் வீடே அவனைச் சுற்றி நின்று முகத்தைப் பார்க்கும். என் தம்பி பட்டினி கிடந்த ஒரு கிழமையை, ஒரு முழு வாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதனால் என் ஆத்திரத்தை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

நாங்கள் மூன்று பேர்: நான், தம்பி, அம்மா. சிட்னியில், பென்டில் ஹில் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய செங்கல் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான் டயாலிசிஸ் வார்டில் நேர்ஸ். எனக்குக் கல்யாணம் சரிவரவில்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம். தம்பி அகதியாகப் படகில் வந்தவன். வந்து இறங்கிய பிறகு பல வருடங்களாக அவன் கையில் இருந்தது தற்காலிக விசா மட்டும்தான். பகலில் வெயர்ஹவுஸ் ஒன்றில் கொண்டெயினர் இறக்குவான். பின்னேரங்களில் பிளாக்டவுன் பக்கம் ஒரு பழைய மண்டப ஹோலில் குத்துச்சண்டை பழகுவான். அம்மா கடைசியாக வந்து சேர்ந்தவர். மகன் ஏன் வீங்கிய கண்ணோடு வீட்டுக்கு வருகிறான் என்று முதல் மாதம் கேட்டார். "பெட்டி விழுந்திட்டுது அம்மா" என்றான். அம்மா அந்த வெயர்ஹவுஸைத் திட்டித் தீர்த்தார். அதன் பிறகு அங்கே பெட்டிகள் அடிக்கடி விழுந்தன.

குத்துச்சண்டைக்கு அவனைக் கொண்டுபோய் விட்டது பரமட்டா நூலகத்தில் இருந்த ஓர் அலமாரி. அவன் வந்த புதிதில் ஆங்கிலம் அரைகுறை. "அக்கா, எழுத்துக் குறைவா, படம் கூடவா ஏதாவது எடுத்துத் தாங்கோ" என்று கேட்டான். நான் என் அட்டையில், இருப்பதிலேயே தடித்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்து வந்தேன். ஜப்பான்காரர்களின் பழைய படக்கதை, மங்கா என்பார்கள். கறுப்பு வெள்ளை, முழுக்க முழுக்கக் குத்துச்சண்டை. அந்தப் புத்தகங்களை வலப்பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நாம் எந்தப் புத்தகத்தையும் பிரிக்கிற மாதிரிப் பிரித்து, அவன் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினான்.

முதலில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்று. அடுத்ததில் உடை மாற்றும் அறை. வாங்குப் பலகை ஒன்றில் கண்ணை மூடிக் கிடக்கிறான் ஒருவன், கையுறையின் கயிறு அவிழ்க்கப்படவில்லை. பிறகு அவன் எழும்பிப் போய் மேடையில் அடி வாங்குகிறான். எலும்பும் தோலுமாக நிறைபார்க்கும் தட்டில் நிற்கிறான். அப்படியே பக்கங்கள் போகப் போக அவன் உடம்பில் சதை வைக்கிறது, சிரிக்கிறான், நூடில்ஸ் சாப்பிடுகிறான், கடைசியில் மீன் சந்தையில் ஐஸ்பெட்டி சுமக்கிற சின்னப் பொடியனாகி நிற்கிறான். தம்பி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "நல்ல கதை அக்கா. சந்தோசமா முடியுது" என்றான்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் நூலகப் பெண் பக்கத்தைத் திருப்பிக் காட்டி விளக்கினாள். நான் அதே புத்தகத்தை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவன் சரியான பக்கத்திலிருந்து வாசித்து முடித்தான். இந்த முறை கதை, வாங்கில் கிடந்தவனின் சாவோடும் அந்த வெள்ளைப் பக்கத்தோடும் முடிந்தது. அடுத்த நாள், "இது போல இன்னும் இருக்கோ?" என்று கேட்டான்.

இருந்தன, வேண்டிய மட்டும் இருந்தன. நானும் அவனோடு சேர்ந்து வாசித்தேன். சாப்பாட்டு மேசையில் அவன் முடித்த பாகத்தை நான் எடுப்பேன். ஒருவன் ஒரு கண் தெரியாமல் போனதை மறைத்துக்கொண்டு மேடை ஏறுவான். ஒருவன் நொறுங்கிய கைவிரலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அதே கையால் குத்துவான். இன்னொருவன் செத்துப்போன எதிராளிக்குக் கொடுத்த வாக்குக்காகத் தன் மூளையைப் பணயம் வைப்பான். வைத்தியன் வேண்டாம் என்பான், சண்டையை நிறுத்தச் சொல்லிப் பயிற்றுநர் துவாயை எறியப் போவார், இவன் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வான். எந்தக் கதையை எடுத்தாலும் அவர்கள் எல்லாரும் எனக்கு ஒரே ஆளாகவே தெரிந்தார்கள். நிறுத்தத் தெரியாத ஓர் ஆள்.

எங்கள் இருவருக்கும் அவர்கள் மேல் ஏன் அப்படி ஒரு பைத்தியம் என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். அவர்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வீட்டை விட்டு ஓடச் சொல்லி ஒருவரும் குண்டு போடவில்லை, படகில் ஏறச் சொல்லவில்லை. எங்களுக்கு நடந்ததெல்லாம் கட்டாயத்தில் நடந்தது. தன் அழிவைத் தானே தேர்ந்தெடுத்து, அதற்கு நாளும் குறித்து, வெளிச்சத்தில் ஏறி நிற்கிறவன் எங்கள் கண்ணுக்குப் பெரிய வசதிக்காரனாகத் தெரிந்தான். அதோடு, தண்ணீரையும் விட்டு உண்ணாவிரதம் கிடந்து செத்தவர்களின் படத்துக்கு விளக்கு வைத்துக் கும்பிட்ட மண்ணிலிருந்து வந்தவர்கள் நாங்கள். உடம்பை எரிக்கிறவனைக் கண்டால் எழுந்து நிற்கப் பழகியிருந்தோம். அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது, சரி என்று சொல்லவும் வராது.

ஆனால் வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு விஷயத்தில் எரிச்சல் கூடிக்கொண்டே போனது. அந்தக் கதைகளில் கட்டாயம் ஒரு பெண் இருப்பாள். முதலில் வாசித்த அந்தக் கதையில் நூடில்ஸ் கடை வைத்திருக்கிறவள். கடைசிச் சண்டைக்கு முன்னால் உடை மாற்றும் அறையின் கதவில் வந்து நிற்பாள். ஒரு படப் பெட்டியில் "போகாதே" என்பாள். அடுத்த பெட்டியில் கண்ணீர். அவ்வளவுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட இடம். அவன் அவளைக் கடந்து போய்விடுவான். அவன் செத்த பிறகு அந்த உடம்பை யார் கழுவினார்கள், சாகாமல் கிடந்தால் யார் சோறு ஊட்டினார்கள் என்று எந்தப் படக்காரனும் வரைவதில்லை. அவன் வெள்ளைப் பக்கத்தோடு நிறுத்திவிடுவான். எங்கள் வார்டில் வேலை அதற்கு அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது.

இதை ஒருமுறை தம்பியிடம் சொன்னேன். "நீங்கள் எல்லாத்துக்கையும் கிட்னியைக் கொண்டு வருவீங்கள்" என்று சிரித்தான்.

பிறகு நிரந்தர விசா வந்தது. நாங்கள் கேக் வெட்டினோம். அம்மா கோயிலுக்குப் போய் அபிஷேகம் செய்வித்தார். இனி அவன் வீடு வாங்கலாம், படிக்கலாம், கல்யாணம் கட்டலாம் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றான். ஆனால் ஆள் ஓய்ந்துபோனான். ஞாயிற்றுக்கிழமைகளில் கதிரையை வீட்டு வாசலில் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அத்தனை வருடமும் மல்லுக்கட்டியே பழகியவனுக்கு எதிரில் யாரும் இல்லாமல் போனதும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இது என் ஊகம்தான். அவன் இதை ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

அந்த நேரத்தில்தான் பழைய எதிராளி ஒருவனின் பெயர் மறுபடி வீட்டுக்குள் வந்தது. தம்பி மெலிந்து கிடந்த காலத்தில், விசா இழுபறிப்பட்ட நாட்களில், அவனைப் புள்ளிக் கணக்கில் தோற்கடித்தவன். கிளப் ஒன்றில் நடக்கும் சண்டைகளில் அவனோடு மோத ஓர் இடம் இருந்தது. அவன் இன்னும் பழைய நிறைப் பிரிவிலேயே நின்றான். தம்பியோ அம்மாவின் சமையலில் நன்றாகத் தடித்திருந்தான். அவனோடு மோத வேண்டுமென்றால் தம்பிதான் நிறை குறைத்து இறங்க வேண்டும். இறங்குகிறேன் என்று பயிற்றுநரிடம் ஒப்புக்கொண்டான். நிறை சுலபமாகக் குறைகிறது என்று அந்த மனிதரிடம் பொய்யும் சொல்லியிருக்கிறான். இதொன்றும் அப்போது எனக்குத் தெரியாது. அவன் சோற்றைக் குறைத்தது தெரியும்; உடம்பைப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

நிறை பார்க்கும் நாள் வெள்ளிக்கிழமை, சண்டை சனிக்கிழமை. அந்தக் கிழமைதான் கந்தசஷ்டி.

அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறவர். ஆறு நாளும் பகலில் ஒன்றும் தொடமாட்டார். பொழுதுபட்ட பிறகு ஒரு கிளாஸ் பாலும் ஒரு பழமும். ஆறாம் நாள் கோயிலில், முருகன் சூரனை வெல்லும் சூரன்போர் முடியுமட்டும் அதுவும் இல்லை. ஏழாம் நாள் காலையில் பாறணை, அப்போதுதான் சோறு. இடம்பெயர்ந்து ஓடி, மரத்தடியில் கிடந்த வருடமும் அவர் அதை விடவில்லை. அப்பா செத்த வருடமும் விடவில்லை. தனக்கென்று அம்மா வைத்திருந்த பெருமை இந்த ஒன்றுதான்.

தொடங்குவதற்கு முதல் நாள் தம்பி குசினியில் வந்து நின்று, "அம்மா, இந்த முறை நானும் பிடிக்கிறன்" என்றான். அம்மா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு அழுதார். கோயில் வாசலையே மிதிக்காமல் வருடக்கணக்காகத் திரிந்த பிள்ளை. "முருகன் கண் திறந்திட்டான்" என்று ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் போன் எடுத்தார். அவனுக்கு இனிக் கல்யாணம் பொருந்திவிடும் என்று அவருக்கு நிச்சயம்.

புதன்கிழமை நான் வேலை முடிந்து நாலு மணி போல வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, சத்தம் போடாதை. தம்பி காருக்குள்ள இருந்து தியானம் செய்யிறான்."

"காருக்குள்ளயோ?"

"ஓம். கண்ணாடியெல்லாம் பூட்டிப்போட்டு இருக்கிறான். அவன் பிடிக்கிற விரதம் லேசுப்பட்டதில்லை, தெரியுமே? எச்சிலைக்கூட விழுங்கிறானில்லை. ஒரு போத்திலுக்க துப்பிக்கொண்டு இருக்கிறான். உப்பிடிப் பிடிச்ச ஆளை நான் ஊரில ஒருத்தரைத்தான் கண்டனான்."

போத்திலுக்குள் துப்புகிறவர்களை நான் எத்தனை பக்கங்களில் பார்த்திருக்கிறேன். நிறைக்காக உடம்பைக் காயவைக்கிறவன் கடைசியில் எச்சிலைக்கூடக் கணக்குப் பார்த்து வெளியேற்றுவான். அம்மாவின் சந்தோசமான முகத்தைப் பார்த்துவிட்டுக் கார் நிற்குமிடத்துக்குப் போனேன்.

உள்ளே ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குப்பை போடும் கறுப்புப் பையைக் கழுத்து வெட்டி மாட்டி, அதற்கு மேல் தடித்த ஜாக்கெட் போட்டு, முருக பக்தன் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் தட்டினேன். இறக்கினான். வெக்கை முகத்தில் அடித்தது.

"என்னடா செய்யிறாய்?"

"வேர்க்கிறன்."

"எந்த நிறைக்கு இறங்கிறாய்?"

சொன்னான். அவன் உடம்புக்கு அது பள்ளிக்கூட வயதின் நிறை. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் அந்தக் கார்க் கதவில் நின்று சொன்னேன். அம்மாவுக்குக் கேட்காதபடி சொல்ல வேண்டியிருந்தது, அதுதான் பெரிய கஷ்டம்.

"ஒருக்கா அக்கா. இந்த ஒருக்கா மட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நிறை பாத்த உடன தண்ணி குடிப்பன். அதுக்குப் பேந்து ஒரு நாள் முழுக்கக் கிடக்கு, சாப்பிட்டுத் தேறிடுவன்."

"உதைத்தான் அவங்களும் சொல்லுறவங்கள்."

"எவங்கள்?"

"உன்ர புத்தகத்து ஆக்கள். வெள்ளைப் பக்கத்து ஆக்கள்."

அவன் சிரித்தான். சிரித்தபோது கீழுதடு வெடித்து இரத்தம் கசிந்தது. அதை நக்காமல் துவாயால் ஒற்றிக்கொண்டான்.

"நான் உனக்கு அந்த நூடில்ஸ்காரி இல்லை, விளங்குதோ? போகாதே எண்டு சொல்லி அழுதுகொண்டு நிக்கமாட்டன்."

"தெரியும். நீங்கள் கதவில நிக்கிற ஆளில்லை, கதவை உடைக்கிற ஆள். ஆனா அம்மாட்டச் சொல்லாதைங்கோ. அவ பாவம்."

சொல்லியிருந்தால் அம்மா தலையில் அடித்துக் கத்தியிருப்பார். இவன் பையைத் தூக்கிக்கொண்டு யாராவது சிநேகிதன் வீட்டுக்குப் போய், என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் காய்ந்திருப்பான். பக்கத்தில் கிடக்கட்டும் என்று நினைத்தேன். நாங்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். வியாழன் காலை வரை என் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிப்பான். வெள்ளிக்கிழமை நிறை பார்த்ததும் வீட்டுக்கு வந்து, உப்பும் சீனியும் கலந்து நான் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிற தண்ணீரைக் குடித்து முடிப்பான். அவன் தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வார்டில் நிற்கும்போது போனில் அவன் செய்தி வந்தது. "நிறை சரி. வீட்ட போறன்." நான் கதிரையில் உட்கார்ந்து ஒரு பெரிய மூச்சு விட்டேன். எனக்கு முன்னால் மெஷினில் படுத்திருந்த மனிதர், என்ன நல்ல செய்தியா என்று கேட்டார். ஓம், தம்பி தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று சொன்னேன். நாளுக்கு இத்தனை கிளாஸ்தான் குடிக்கலாம் என்று அளந்து கொடுக்கப்பட்டவர் அவர். "அதிர்ஷ்டக்காரன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வேலை முடிகிற நேரம் அம்மா போன் எடுத்தார். சந்தோசத்தில் குரல் நடுங்கியது.

"பிள்ளை, வீட்ட போகாதை, நேரா கோயிலுக்கு வா. நாங்கள் எல்லாரும் வந்திட்டம். தம்பி சூரனைத் தூக்கப்போறான்."

"அவன் தண்ணி குடிச்சவனோ அம்மா?"

"என்ன கதை கதைக்கிறாய்? சூரன்போர் முடியாமல் தண்ணியோ?"

நான் நேரே கோயிலுக்குக் காரை ஓட்டினேன். நடந்தது என்னவென்று பிறகு தெரிந்துகொண்டேன். அவன் வீட்டுக்கு வந்தபோது ஹோலில் கோயிலுக்கு வருகிற பெண்கள், அன்ரிமார், உட்கார்ந்திருந்தார்கள். எச்சில் விழுங்காமல் விரதம் பிடிக்கும் பிள்ளையைப் பார்க்க அம்மா கூட்டி வந்திருந்தார். அவர்களில் ஓர் அன்ரி, மகளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்று அழுதவர், எழும்பி வந்து அவனுடைய கையால் தன் நெற்றியில் திருநீறு பூசிவிடச் சொல்லிக் கேட்டாராம். அவன் பூசினான். அதன் பிறகு பிரிட்ஜைத் திறக்க அவனால் முடியவில்லை. பாத்ரூமில் குழாய் இல்லையாடா என்று பின்னொரு நாள் கேட்டேன். "பைப்பைத் திறந்து கையை நீட்டினனான் அக்கா. குடிக்கேலாமப் போச்சு. அவ்வளவு பேரும் என்னை நம்பிக்கொண்டு வெளியில இருக்கினம்" என்றான். அந்தப் புத்தகங்களில் எதிராளிக்குக் கொடுத்த வாக்குக்காகச் சாகிறவர்களை எனக்குத் தெரியும். அன்ரிமாருக்காகச் சாகப் பார்த்தவன் என் தம்பி ஒருத்தன்தான்.

கோயில் முன்னால் சனம் நிறைந்திருந்தது. வெயில் இறங்கவில்லை, இங்கே அந்த மாதத்தில் பொழுதுபட வெகு நேரமாகும். ஒரு பக்கம் வேலோடு முருகன், மறு பக்கம் சூரன். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மரச் சூரனைத் தடிகளில் கட்டி, ஆண்கள் தோளில் வைத்து, முன்னும் பின்னுமாக ஓடி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். முன் தடியில் தம்பி. வெறும் மேல், வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. சனம் அவனைக் காட்டிக் காட்டிப் பேசியது. அந்த நெஞ்செலும்பும் ஒட்டிய வயிறும் அவர்களுக்குப் பக்தியாகத் தெரிந்தன. எனக்கும் ஒரு கணம் அது அழகாகத்தான் தெரிந்தது. அந்த அழகை அத்தனை வருடம் மேசையில் வைத்து நாங்கள் வாசித்திருந்தோமே. அது எனக்கு மறக்காது.

பிறகு அவனுடைய தோலைப் பார்த்தேன். பக்கத்தில் தூக்கிய மற்ற எல்லாருக்கும் வியர்வை வழிந்தது. இவன் காய்ந்து கிடந்தான். அவ்வளவு பாரத்தைச் சுமந்து அந்த வெயிலில் ஓடுகிறவன் உடம்பில் ஒரு துளி ஈரம் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

சூரனின் தலையை மாற்றுவதற்காக இறக்கி வைத்தார்கள். அந்த இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. நான் நேர்ஸ் உடுப்போடு, கையில் தண்ணீர்ப் போத்திலோடு, இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஓர் அங்கிள், "தங்கச்சி, உங்கால போங்கோ" என்றார். நான் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"குடி" என்றேன்.

தம்பி என்னைப் பார்த்தான். கண் குழிக்குள் போயிருந்தது. என்னை அடையாளம் பிடிக்க ஒரு கணம் எடுத்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்தான் அக்கா."

"இப்ப குடி."

"எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். தலை சுத்துதோ? மூத்திரம் போனனியோ இண்டைக்கு?"

அவன் தடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அந்தக் குனிவு எனக்குப் பழக்கமானது. துவாயை எறிய வருகிற கையைப் பிடிப்பவர்களின் குனிவு. நான் அவன் தாடையைப் பிடித்துப் போத்திலை வாயில் வைக்கப் போனேன்.

"விசரி! என்னடி செய்யிறாய்?" அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். "விரதத்தைக் கெடுக்காதை! ஆறு நாள் பிடிச்ச பிள்ளை!"

"இது விரதமில்லை அம்மா."

மேளம் அடித்துக்கொண்டேயிருந்தது. நான் கத்த வேண்டியிருந்தது. கத்தியதால் பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"நாளைக்கு ஒருத்தனோட குத்துச்சண்டை போடுறதுக்கு நிறை குறைச்சவன். பெட்டி விழுந்து கண் வீங்கினதில்லை, அதெல்லாம் சண்டை. நேற்றுக் காலமையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. இனியும் குடிக்காட்டி கிட்னி போயிடும், இல்லாட்டி இதிலயே விழுந்து செத்துப்போவான்."

அன்ரிமார் வாயில் கையை வைத்தார்கள். திருநீறு பூசுவித்தவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அம்மா மகனைப் பார்த்தார்.

"உண்மையோ தம்பி?"

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நான் இதை முடிச்சுப்போட்டுக் குடிக்கிறன் அம்மா" என்றான். பொய் பிடிபட்ட பிறகும் அவனால் நிறுத்த முடியவில்லை. அந்த நிமிடம் எனக்குப் பயம் வந்தது. அதுவரை ஆத்திரம்தான் இருந்தது. இவன் விளையாடவில்லை, இவனுக்கு உண்மையிலேயே அந்த வெள்ளைப் பக்கம் வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கதவில் நிற்கிற பெண்ணாகத்தான் நானும் நின்றேன், கண்ணீரோடு.

அம்மா என் கையிலிருந்த போத்திலை வாங்கினார். தட்டிவிடப் போகிறார் என்று நினைத்தேன். மூடியைத் திறந்தார். சூரன் இன்னும் விழவில்லை. அத்தனை சனத்துக்கும் முன்னால், முருகனுக்கு முன்னால், போத்திலை அண்ணாந்து வாயில் ஊற்றி மடக்கு மடக்கென்று குடித்தார். தண்ணீர் கழுத்தில் வழிந்து சட்டையை நனைத்தது. பக்கத்தில் யாரோ, "ஐயோ, அன்ரி" என்றார்கள்.

பிறகு போத்திலை அவனிடம் நீட்டினார்.

"என்ர விரதம் முறிஞ்சுது. இனி நீ பிடிக்க ஒண்டுமில்லை. குடி."

அவன் அம்மாவின் நனைந்த கழுத்தைப் பார்த்தான். போத்திலை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். வேறொருவர் வந்து முன் தடியைப் பிடித்தார். புதுத் தலையோடு சூரன் எங்களைக் கடந்து ஓடினான்.

அன்று அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் வேலை செய்கிற இடமில்லை, வேறு. சேலைன் ஏறியது. சிறுநீரகம் நன்றாக அடி வாங்கியிருந்தது, ஆனால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அங்கிருந்த டொக்டர் சொல்லத் தொடங்கினார். எனக்குத் தெரியும் என்று நிறுத்தினேன். சண்டைக்கு வேறொருவனைப் பிடித்தார்களாம். அந்த எதிராளி வென்றானா தோற்றானா என்று தம்பி கேட்கவேயில்லை. என்னோடு பல நாள் பேசவில்லை. அம்மாவோடு பேசினான், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும். நூலகத்தில் எடுத்து வாசித்துவிட்டுப் பிறகு சொந்தமாக வாங்கிச் சேர்த்த புத்தகங்களை அவன் எறிந்துவிடவில்லை. இன்னும் ஹோல் அலமாரியில்தான் இருக்கின்றன. நானும் சில நேரம் எடுத்துப் பார்ப்பேன். பிழையான பக்கத்திலிருந்துதான் பார்ப்பேன், அந்தக் குத்துச்சண்டைக்காரன் கடைசியில் பொடியனாகி ஐஸ்பெட்டியோடு நிற்குமட்டும்.

அடுத்த வருடம் கந்தசஷ்டி வந்தது. முதல் நாள் மத்தியானம் அம்மா குசினியில் சோறு வடித்தார். கறிகளை மேசையில் கொண்டுவந்து வைத்தார். சோற்றுக் கோப்பை மூன்று வைத்தார். நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"அம்மா, விரதம்?" என்று தம்பி கேட்டான்.

"அது போச்சு" என்றார் அம்மா. "நடுவில முறிச்சதை நான் பேந்து எந்த முகத்தோட தொடங்கிறது?"

"நீங்கள் பிடியுங்கோ அம்மா. முருகன் ஒண்டும் நினைக்கமாட்டார்."

"அவர் நினைக்கமாட்டார். எனக்கு மனம் வரேல்லை." கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "நீ சாப்பிடு."

ஆறு நாளும் அப்படித்தான். கோயிலுக்குப் போகவும் இல்லை. ஆறாம் நாள் பின்னேரம், சூரன்போர் தொடங்குகிற நேரம், தம்பி வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, தானே சோற்றைச் சூடாக்கி இரண்டு கோப்பையில் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தான். அம்மா ஒரு வாய் எடுத்தார். அந்த நாளில், அந்த நேரத்தில், தன் ஆயுளில் அம்மா ஒருநாளும் வைத்திராத வாய் அது. அதை மென்று விழுங்க வெகு நேரம் எடுத்தது. தம்பி தன் கோப்பையைத் தொடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணிலிருந்து நீர் கன்னத்தில் இறங்கி வாயோரத்துக்கு வந்தது.

"அழுதுகொண்டு இருக்காதை, சோறு ஆறுது" என்றார் அம்மா.

அவன் அந்த உப்பை விழுங்கிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான்.